கடலில் கொட்டிய அட்டையும் கோடிக்கு விற்ற அட்டையும்



ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ அமெரிக்காவில் ஒரு பெரிய சந்தை கூடுகிறது. புதன்கிழமை தொடங்கி ஞாயிறு வரை ஐந்து நாள். அங்கே விலைபோவது பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகள். வழக்கமாக இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம், சட்டைப்பையில் அடங்கிவிடும். நம் ஊரில் ட்ரம்ப் கார்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த அளவும் அமைப்பும் சட்டென்று பிடிபடும்.

சந்தையின் முழுப்பெயர் நேஷனல் ஸ்போர்ட்ஸ் கலெக்டர்ஸ் கன்வென்ஷன். சேகரிப்பாளர்கள் 'நேஷனல்' என்று சுருக்கிவிடுவார்கள். 1980ல் லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில் முதன்முதலாகக் கூடியது. அதன்பின் கிளீவ்லாந்து, அட்லாண்டிக் சிட்டி என்று ஊர் மாறி ஊர் நடந்தாலும், சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரோஸ்மான்ட் அதற்குத் தாய்வீடு மாதிரி ஆகிவிட்டது. கொரோனா காலத்தில், 2020ல் மட்டும் நடக்கவில்லை.

இந்தச் சந்தையில் ஒரு நாள் சுற்றி வந்தால் ஒரு விநோதம் புரியும். ஊரே பத்திரப்படுத்தியது அங்கே மலிந்து கிடக்கும். வேண்டாம் என்று தூக்கி எறிந்தது எட்டாத விலையில் இருக்கும்.

காலையில் கதவு திறக்கும் முன்பே வரிசை நீண்டுவிடும். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், காலில் நடந்து தேய்ந்த ஷூ. பைக்குள் என்ன இருக்கும்? அட்டையைப் போட்டு வைக்க மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், அதன்மேல் போடும் கெட்டி உறைகள், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்ன டார்ச். ரொக்கமும் இருக்கும், ஏனென்றால் கையில் காசைப் பார்த்தால் வியாபாரி கொஞ்சம் இறங்கி வருவார். எல்லாவற்றையும்விட முக்கியம், மடித்து வைத்த ஒரு பட்டியல். ஒரு வருடத்து வரிசையை முழுதாகச் சேர்க்க நினைப்பவருக்கு எந்தெந்த எண் இன்னும் கைக்கு வரவில்லை என்பது அதில் இருக்கும். பட்டியல் இல்லாமல் உள்ளே போனவர், மதியத்துக்குள் பணத்தை எல்லாம் தீர்த்துவிட்டு வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

உள்ளே நூற்றுக்கணக்கான மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள். பெரிய கம்பெனிகளின் அரங்குகளில் ஒலிபெருக்கி அலறும். பழகியவர்கள் அந்தப் பக்கம் முதலில் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய அட்டைகள் இருக்கும் வரிசைகளுக்குத்தான் நேராகப் போவார்கள்.

அங்கே கூட்டம் மொய்க்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஹோனஸ் வாக்னராக இருந்தால் வியப்பில்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபேக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்துக்கொடுத்த வரிசையில் அவர் படமும் வந்தது. ஆனால் அவர் சம்மதிக்கவில்லை. அச்சடிப்பதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சிறுவர்கள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்கிறார்கள் சிலர். படத்துக்குக் காசு கொடுக்காததுதான் கோபம் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியோ, இன்று இருப்பதாகத் தெரிவது ஏறத்தாழ 50, 60 அட்டைகள்தான். அதில் ஒன்று 2022ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

இந்த வரிசைக்கு 'டி 206' என்று பெயர். பெயர் வைத்தவர் சிராக்யூஸ் நகரத்தைச் சேர்ந்த ஜெஃபர்சன் பர்டிக். எளிய வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கிப்போனவர். அட்டைகள் எல்லாம் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று ஊர் நினைத்த காலத்தில், அவற்றை வகைபிரித்து, எண் கொடுத்து, நூலாகவே தொகுத்தார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுப்படங்களையும் அட்டைகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல், அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது; மார்ச்சில் அவர் காலமானார். இன்றைக்கும் மேசைக்கு மேசை வியாபாரிகள் சொல்லும் எண்கள் அவர் போட்டுக்கொடுத்தவைதான்.

இன்னும் நாலு மேசை தள்ளி டாப்ஸ் கம்பெனியின் 1952 வரிசை இருக்கும். புரூக்ளினில் பபிள்கம் விற்ற கம்பெனி அது. அதன் ஊழியர் சை பெர்கர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சக ஊழியர் உடி கெல்மனோடு சேர்ந்து அந்த அட்டைகளை வடிவமைத்தார். முன்பக்கம் வண்ணப்படம், அணியின் சின்னம், வீரரின் கையெழுத்து. பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. இன்றுவரை பேஸ்பால் அட்டைக்கு அதுதான் இலக்கணம்.

அந்த வருடத்துக் கடைசிப் பகுதி தாமதமாகக் கடைக்கு வந்தது. பையன்கள் அதற்குள் கால்பந்துக்குத் தாவியிருந்தார்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கியது. பைசாவுக்கு ஒன்று, பைசாவுக்குப் பத்து என்று கூவிப் பார்த்தும் யாரும் சீந்தவில்லை. கடைசியில் 1960ல் எல்லாவற்றையும் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாகப் பெர்கரே பின்னாளில் சொன்னார். அந்தப் பகுதியில் 311ஆம் எண், நியூயார்க் யாங்கீஸின் மிக்கி மேன்டில்.

மேன்டிலின் முதல் அட்டை இது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது முந்தின வருடமே போமன் கம்பெனி வெளியிட்டது. வழக்கமாக ஒரு வீரரின் முதல் வருட அட்டைக்குத்தான் மவுசு. ஆனால் கடலுக்குப் போன சரக்கு, அந்த வழக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. 1980களில் பாஸ்டன் பக்கம் ஒரு வீட்டில் பல காலம் தூங்கிக்கிடந்த 1952 அட்டைகளை ஆலன் ரோசன் என்ற வியாபாரி மொத்தமாக வாங்கினார். 'மிஸ்டர் மின்ட்' என்று சந்தையே அழைத்த ஆள் அவர். அதிலிருந்து வந்த ஒரு மேன்டிலை 1991ல் ஒருவர் 50,000 டாலர் கொடுத்து வாங்கினார். 2022 ஆகஸ்டில் அதே அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்.

பழைய அட்டைக்குக் காசு உண்டு என்று 1980களிலேயே பேச்சு பரவியபோது ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் வல்லுநர் 1984ல் விலைப்பட்டியலுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். பள்ளிக்கூடப் பையன்கள் அதைப் பங்குச்சந்தைப் பக்கம்போல் படித்தார்கள். அட்டையை ஆடிக் கசக்காதே, உறையில் போட்டு வை, காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று அப்பாக்கள் சொன்னார்கள். டாப்ஸோடு ஃபிளீர், டான்ரஸ், அப்பர் டெக் எல்லாம் போட்டிக்கு இறங்கி, கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். விளைவு? 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த அட்டைகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர், 'ஜங்க் வாக்ஸ்'. அப்போது பாக்கெட் மெழுகுத்தாளில் வந்தது, அதனால் வாக்ஸ்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் 'டாலர் பெட்டி' மேசைக்குப் போகலாம். நீளமான அட்டைப்பெட்டிகள், எதை எடுத்தாலும் ஒரு டாலர். பெரியவர்களும் சிறுவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளித் தேடுவார்கள். இதில்தான் குப்பையில் மாணிக்கம் கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறது. சிறு வயதில் பிடித்த வீரர் ஒருவர் அகப்பட்டால் போதும், அன்றைய நுழைவுக் கட்டணம் செரித்துவிடும்.

பேரம் நடக்கும் விதத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டியில் ஒரு அட்டை. ஒட்டியிருக்கும் விலை 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுத்தான் தொட வேண்டும்; ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் சாய்த்தால் நேராகப் பார்க்கையில் தெரியாத மடிப்பும் கீறலும் தெரிந்துவிடும். நாலு முனையையும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். பிறகு இருவருமே போனை எடுத்து, அதே அட்டை அண்மையில் இணைய ஏலத்தில் என்ன விலைக்கு முடிந்தது என்று தேடுவார்கள். "கடைசி விலை சொல்லுங்க." "நூறு." "தொண்ணூறு, கையில ரொக்கம்." பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் படிந்துவிடும். படியவில்லை என்றாலும் முகம் சுளிப்பதில்லை. மறுபடி அதே மேசைக்கு வர வேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்ட அட்டைகளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தரம்பிரிக்கும் கம்பெனிகள் செய்கின்றன, பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகியவை பேர்போனவை. படம் நடுவில் அமைந்திருக்கிறதா, முனை, ஓரம், மேற்பரப்பு எப்படி என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே விலை பல மடங்கு தாண்டும். 2021ல் வந்து குவிந்த அட்டைகளைத் தாங்க முடியாமல் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளில் புதிதாக வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

அந்த முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. பி.எஸ்.ஏ. தரம்பிரித்த முதல் அட்டையே ஒரு ஹோனஸ் வாக்னர். மதிப்பெண் 8. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 1991ல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது அதுதான். அதற்கு முன்பு அதை வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ, அட்டை அழகாகத் தெரிய வேண்டும் என்று ஓரத்தை வெட்டியதாக 2013ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், முத்திரை இருந்தாலும் தங்கள் கண்ணாலும் ஒருமுறை பார்க்கிறார்கள்.

கம்பெனிகளும் பாடம் கற்றுக்கொண்டன. தற்செயலாக வந்த அருமையை இப்போது திட்டம்போட்டு உண்டாக்குகிறார்கள். 25 மட்டும், 10 மட்டும், ஒன்றே ஒன்று என்று எண்ணிட்டு அச்சடிக்கிறார்கள். வீரர் போட்ட சட்டையின் துண்டை அட்டைக்குள் பதிக்கிறார்கள். 2003ல் டான்ரஸ், பேஸ்பால் வீரர் பேப் ரூத் அணிந்த ஒரு பழைய சட்டையை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, கத்தரித்து அட்டைகளில் ஒட்டியது. அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியதை இப்படிச் செய்யலாமா என்று அன்றைக்குப் பெரிய சண்டை நடந்தது.

அண்மைக் கதை, பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ். அவர் முதல் ஆட்டத்தில் போட்ட சட்டையில் இருந்த துணிப்பட்டையும் கையெழுத்தும் பதித்த ஒரே ஒரு அட்டையை டாப்ஸ் வெளியிட்டது. அது லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 11 வயதுச் சிறுவன் பிரித்த பாக்கெட்டில் வந்தது. கொடுத்துவிடு, 30 வருடத்துக்கு சீசன் டிக்கெட் தருகிறோம் என்றது அணி. குடும்பம் ஏலத்துக்கு விட்டது. 2025 மார்ச்சில் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு அது விலைபோனது.

மாலையில் அரங்கம் மூடினாலும் நாள் முடிவதில்லை. பக்கத்து ஹோட்டல்களின் வரவேற்பறையில் 'டிரேட் நைட்' தொடங்கும். பெரும்பாலும் பண்டமாற்று. பூட்டுப்போட்ட சின்னப் பெட்டிகளோடு பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பெரியவர்களோடு சரிக்குச் சரி பேரம் பேசுவார்கள். நாள் முழுக்க மேசைகளில் நடந்ததைவிடக் கலகலப்பான வியாபாரம் இதுதான்.

நேயர்களே, பழையது எல்லாம் பொன் ஆகிவிடாது. பெரும்பாலானவை டாலர் பெட்டிக்குத்தான் போகும். ஆனாலும் வீட்டுப் பரணில் ட்ரம்ப் கார்டோ, தீப்பெட்டிப் படமோ, பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படமோ இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓரத்தை வெட்டிச் சீர் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். அதுவே போதும்.