படம் எங்கே டீச்சர்?

மூன்றாம் வகுப்புக்காகப் பைத்தானில், டிகிண்டர் கொண்டு ஒரு சிறு செயலி செய்தேன். பறவைப் படம் தோன்றும். குழந்தைகள் பெயர் சொல்ல வேண்டும். வீட்டில் நன்றாக ஓடியது. பென்டிரைவில் கொண்டுவந்து பள்ளிக் கணினியில் திறந்தேன். பிழைச் செய்திதான் வந்தது. "படம் எங்கே டீச்சர்?" என்றாள் முன்னால் நின்ற சிறுமி. எனக்குப் பதில் தெரியவில்லை.

மாலையில்தான் புரிந்தது. நிரலுக்குள் படம் இல்லை. படம் இருக்கும் முகவரிதான் இருக்கிறது. நான் எழுதியிருந்தது என் வீட்டுக் கணினியின் 'டி' டிரைவில் தொடங்கும் முழு முகவரி. பள்ளிக் கணினியில் அப்படியோர் இடமே இல்லை.

நிரலின் பக்கத்திலேயே 'படங்கள்' என்ற கோப்புறையை வைத்தேன். நிரல் தான் இருக்கும் இடத்திலிருந்து அதைத் தேடும்படி, பைத்தானின் 'பாத்லிப்' கொண்டு மாற்றினேன். இப்போது இரண்டையும் சேர்த்து நகலெடுத்தால் எந்தக் கணினியிலும் படம் வருகிறது. டிகிண்டர் ஜேபிஜி படங்களை நேரடியாகத் திறக்காது என்பதால், எல்லாவற்றையும் பிஎன்ஜி ஆக்கிக்கொண்டேன்.

படம் வெளியே இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கோப்பின் பெயரையே விடையாக வைத்திருக்கிறேன். அதனால் நிரல் தெரியாத சக ஆசிரியரும் காய்கறிப் படங்களைப் போட்டுத் தம் வகுப்புக்குப் பயன்படுத்துகிறார்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செய்த செயலியைக் குழந்தைகளிடம் காட்டுமுன், வேறொரு கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.