பொருந்தல் நெல்லும் ஒரு பேராசிரியரின் காலக்கணக்கும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

பழனிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் தம் மாணவர்களோடு அங்கே அகழாய்வு செய்தார். ஈமச்சின்னம் ஒன்றுக்குள் நான்கு கால் சாடி ஒன்று கிடைத்தது. அதில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்! அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த பிரிமனையில் ‘வய்ர’ எனத் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருந்தது.

எழுத்தும் நெல்லும் ஒரே அடக்கத்தில் சேர்ந்து கிடைத்ததுதான் இங்கே பெரிய செய்தி. அதுவரை தமிழ்ப் பிராமியின் வயதைப் பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தை வைத்தே கணித்துவந்தார்கள். அசோகர் காலத்துக்குப் பின்னரே இந்த எழுத்து தெற்கே வந்தது என்ற கருத்து வலுவாக வேரூன்றியிருந்தது. கல்லில் வெட்டிய எழுத்துக்கு நேரடியாகக் காலம் காண வழியில்லை. பானை ஓட்டுக் கீறலுக்கும் அப்படியே. நெல்லுக்கு வழி உண்டு.

உயிருள்ளவை இறந்ததும் அவற்றிலுள்ள கதிரியக்கக் கரிமம் புதிதாகச் சேராமல் சிதைந்து குறையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. பழைய முறையில் அந்தச் சிதைவை அளக்கக் கணிசமான மாதிரி வேண்டும். ஏ.எம்.எஸ். எனப்படும் புதிய முறை, எஞ்சிய கரிம அணுக்களையே எண்ணிவிடுவதால் சில நெல்மணிகளே போதும். அதைவிட முக்கியமான நன்மை, நெல் ஓராண்டுப் பயிர் என்பது. நூறாண்டு நின்ற மரத்தின் கரி, அடுப்பெரிந்த காலத்தைவிடப் பழைய வயதைக் காட்டக்கூடும். நெல்லில் அந்தக் குழப்பம் இல்லை.

அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் தந்த காலம் கி.மு. 490. தமிழ்ப் பிராமி ஆய்வறிஞர் ஐராவதம் மகாதேவன் இதை எச்சரிக்கையோடு அணுகினார். ஒரே ஒரு காலக்கணிப்பை நம்பி முடிவுக்கு வரக்கூடாது என்றார். ஒரு முன்னோடி அறிஞர் எழுப்ப வேண்டிய கேள்விதான் அது. பொருந்தலின் மற்றொரு ஈமச்சின்னத்து நெல் கி.மு. 450 என்ற காலத்தைத் தந்தது. பின்னர் 2012, 2013இல் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தோண்டிய குழிகளிலிருந்து சென்ற மாதிரிகளில் மிகப் பழையது கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைக் காட்டியது. ஐயத்துக்கு மறுமொழியாக ராஜன் கூடுதல் சான்றுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஆய்வாளர்கள் கற்க வேண்டிய பண்பு இது.

இன்னும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் கரிமக் காலக்கணிப்பின் திருத்த வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. அதனால் ஒற்றை ஆண்டாக அச்சில் வரும் எண்ணுக்குப் பின்னால் அகன்ற வரம்பு இருக்கும். மண்ணடுக்கைக் கவனமாகப் பதிவுசெய்த அகழாய்வாளரின் குறிப்பேடு இல்லையென்றால் ஆய்வகத்தின் எண் தனித்து நிற்காது.

அந்தக் கவனம் ஒரே நாளில் வந்ததன்று. 1985இல் தொடங்கி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு தலைமையில் அதே கொடுமணலைத் தோண்டியது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுவே என்று கருதப்படுகிறது. மணிகள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் அங்கே வெளிப்பட்டன. ராஜன் உருவான களம் அதுதான். தமிழ்நாட்டின் தொல்லியல் இடங்களை ஊர் ஊராகத் திரட்டி 1997இல் அவர் வெளியிட்ட தொகுப்பு இன்றும் கள ஆய்வுக்குப் புறப்படுபவர்களுக்குக் கைவிளக்கு. 2006இல் வைகைப் படுகையில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் தமிழ்ப் பிராமி பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று ஆநிரை கவரும் ஆகோள் பூசலைச் சொல்கிறது. வெயிலில் ஊர்களைச் சுற்றிய இளைஞர்களின் உழைப்பையும் அவர்களைப் பழக்கிய ஆசிரியர் ராஜனின் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் ஆலோசகராகவும் அவர் பணி தொடர்ந்தது. துறையின் இர. சிவானந்தத்துடன் சேர்ந்து அவர் எழுதிய இரண்டு நூல்கள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. இரும்பின் தொன்மை பற்றிய நூல், சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலத்தை கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு வரை கொண்டுசெல்கிறது. மயிலாடும்பாறை இரும்புக்குக் கிடைத்திருந்த கி.மு. 2172 என்ற காலத்தையே வியப்போடு பேசியவர்களுக்கு இது பெரிய தாவல். அமெரிக்க ஆய்வகத்தோடு லக்னோ, அகமதாபாத் ஆய்வகங்களுக்கும் மாதிரிகள் சென்றன. கரிமக் கணிப்போடு, பானையோடுகளுக்கு ஒளிர்வுமுறைக் கணிப்பும் செய்யப்பட்டது. பொருந்தலில் எழுந்த கேள்வி இங்கே முன்கூட்டியே மனத்தில் இருந்ததுபோலத் தெரிகிறது.

மற்ற நூல், 140 இடங்களில் கிடைத்த 15,184 கீறல் பானையோடுகளைப் பதிவுசெய்து சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடுகிறது. குறியீடுகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குச் சிந்துவெளியில் இணை உண்டு என்கிறது. இது வடிவங்களின் ஒப்பீடு, வாசிப்பு அன்று. அந்த எல்லையை நூலாசிரியர்கள் தலைப்பிலேயே காட்டியிருக்கிறார்கள். மேடைகளில் அது மறக்கப்படும்போது அவர்களின் உழைப்புக்குத்தான் கெடுதல். இனி அந்தக் குறியீடுகளை வேறு பல்கலைக்கழகங்களின் மொழியியலாளர்களும் கணினி அறிஞர்களும் கையிலெடுத்து, இணைகள் தற்செயலா தொடர்பா என்று சோதிக்கலாம். அதற்கு வேண்டிய தரவு இப்போது அச்சில் இருக்கிறது.