பெயரும் ஒரு நிலமே: களப்பெயர் முதலீட்டைக் கற்கத் தொடங்குவோர்க்கு



மொழிக் கழகத்தின் பொழிவு வரிசையில் முதலீட்டைப் பற்றிய தலைப்பா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நான் பேசவிருக்கும் முதலீட்டில் சரக்கு தங்கமும் அன்று, வீடும் அன்று, சொல். இணையத்தில் ஒரு தளத்தை அடைவதற்கு நாம் தட்டச்சு செய்யும் முகவரியை ஆங்கிலத்தில் டொமைன் என்பர். இன்று அதனைக் களப்பெயர் என்றே குறிப்பிடுகிறேன். நல்ல களப்பெயரை முன்கூட்டியே பதிந்து வைத்து, அது தேவைப்படுவோர்க்குப் பின்னர் விற்பது ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. மாணவர் சிலர் அதனைப் பற்றி என்னிடம் ஆவலுடன் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் அளிக்கும் மறுமொழியே இன்றைய பொழிவு.

ஈப்போவில் பேசுகையில் 1985ஆம் ஆண்டை நினையாமல் இருக்க இயலாது. அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க நிறுவனம் ஒன்று சிம்பாலிக்ஸ்.காம் என்னும் பெயரைப் பதிந்தது. டாட் காம் என முடியும் பெயர்களுள் முதலில் பதிவானது அதுவே. அன்று அதனைச் செய்தியாகக் கருதியவர் அரிது. அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க வாங்கி வந்தது. அதன் கையிருப்புப் பணம் தீர்ந்தபோது விலையும் வீழ்ந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதை இந்நகரின் மூத்தோர் அறிவர். மண்ணில் ஈயம் தீர்ந்ததால் மட்டும் அவை மூடப்படவில்லை; அந்த விலைக்கு வாங்குவதற்கு ஆள் இல்லாமற் போனது. எந்த முதலீட்டிற்கும் இதுவே முதற்பாடம். பொருளின் விலை அதன் அழகில் இல்லை. அதனை வாங்க வருபவரின் தேவையில் இருக்கிறது.

களப்பெயர் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒவ்வொரு நீட்சிக்கும் ஒரு பதிவகம் உண்டு. டாட் எம்ஒய் என்னும் நம் நாட்டு நீட்சியை மைநிக் நிறுவனம் பேணுகிறது. பொதுமக்களுக்குப் பெயர்களைப் பதிந்து தருபவர் பதிவு முகவர். கட்டணம் செலுத்திப் பெயரைப் பெறுபவர் பதிவாளி. 1995ஆம் ஆண்டு வரை டாட் காம் பெயர்களைப் பதியக் கட்டணம் இல்லை. அவ்வாண்டில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 அமெரிக்க டாலர் என்னும் கட்டணம் வந்தது.

பதிவாளி பெயரை வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் அதனைக் குத்தகைக்கே எடுத்திருக்கிறார். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பதிய இயலாது. நம் நாட்டில் நிரந்தர உரிமை நிலம் என்றும் குத்தகை நிலம் என்றும் இரு வகை உண்டல்லவா? களப்பெயரில் முதல் வகை இல்லவே இல்லை. தவணை தவறினால் முகவர் தரும் சலுகைக் காலம் முதலில் வரும்; அது 45 நாள் வரை நீளலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்கக் கூடுதல் கட்டணம் கேட்பர். இறுதியாக 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதுவும் கடந்தால் அப்பெயர் எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்து விடப்படுகிறது. டாட் எம்ஒய் பெயர்களுக்கு விதிகள் தனி. அவற்றை மைநிக் நிறுவனத்தின் பக்கத்திலேயே படித்தறிதல் வேண்டும்.

இதனை நான் நூலில் கற்கவில்லை, இழந்து கற்றேன். நான் படித்த தோட்டப் பள்ளி இன்று அவ்விடத்தில் இல்லை. பால்மரங்கள் போயின, செம்பனை வந்தது, லயங்களும் இடிக்கப்பட்டன. முன்னாள் மாணவர் சிலர் கூடிப் பழைய நிழற்படங்களையும், பெரியவர்கள் சொல்லிய கதைகளையும் திரட்டி ஓர் இணையப் பக்கத்தில் வைத்தோம். தோட்டத்தின் பெயரே அதற்குக் களப்பெயர். நண்பர் ஒருவர் தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். புதுப்பிக்குமாறு வந்த அறிவிப்புகள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டியில் கிடந்தன. நாங்கள் அறிந்தபோது அப்பெயரில் ஒரு சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதனை எடுத்தவர் எம் தோட்டத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பலர் வந்து போன முகவரி என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. அவர் சட்டத்தை மீறவுமில்லை. தவறு எங்களுடையது.

ஆகவே, பெயரை வாங்கக் கற்பதற்கு முன் பெயரைக் காக்கக் கற்க வேண்டும் என்பதே இப்பொழிவில் நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து. காக்கத் தெரிந்தவர்க்கு அதன் செலவு தெரியும். செலவு தெரிந்தவரே முதலீட்டாளர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க ஆர்வத்தில் மாணவர் ஒருவர் 20 பெயர்களைப் பதிகிறார். ஐந்து ஆண்டுகளில் அவர் செலவிட்டது 5,000 வெள்ளி. அவற்றுள் ஒன்று 2,000 வெள்ளிக்கு விற்கிறது. விற்பனைத் தளம் நூற்றுக்குப் பதினைந்து விழுக்காடு தரகு எடுத்துக்கொள்கிறது. கைக்கு வருவது 1,700 வெள்ளி. இழப்பு 3,300 வெள்ளி. ஆயினும் அவர் நண்பர்களிடம் "50 வெள்ளிப் பெயரை 2,000 வெள்ளிக்கு விற்றேன்" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கணக்கின் ஒரு வரியை மட்டும் வாசிக்கிறார். இதே மாணவர் நன்கு ஆராய்ந்து ஐந்து பெயர்களை மட்டும் வைத்திருந்தால் ஐந்து ஆண்டுச் செலவு 1,250 வெள்ளி. அதே ஒரு விற்பனை 450 வெள்ளி மிச்சம் தந்திருக்கும். பெயர்கள் குறைந்தால் விற்கும் வாய்ப்பும் குறையும் என்பது உண்மையே. அதனால்தான் தேர்வு முக்கியமாகிறது.

2019ஆம் ஆண்டில் வாய்ஸ்.காம் என்னும் பெயர் 3 கோடி அமெரிக்க டாலருக்கு விலை போனது. இத்தகைய செய்திகளே தொடக்கநிலையினரை ஈர்க்கின்றன. நேம்பயோ போன்ற தளங்களில் முன்னர் நிகழ்ந்த விற்பனைகளின் பட்டியலைக் காணலாம். கற்போர் அதனை நாள்தோறும் வாசிக்கட்டும். ஆனால், அப்பட்டியலில் விற்ற பெயர்கள் மட்டுமே இருக்கும் என்பதை மறத்தலாகாது. விற்காமல் ஆண்டுதோறும் கட்டணத்தைத் தின்றுகொண்டிருக்கும் பெயர்களுக்குப் பட்டியல் இல்லை.

இனி, எந்தப் பெயரைத் தேர்வது? இங்குதான் மொழி ஆசிரியர்களின் துணை வேண்டும். வாயால் சொல்லும்போது கேட்பவர் பிழையின்றி எழுத முடிகிறதா என்பதே பெயருக்கு வைக்கும் முதற்சோதனை. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது இச்சோதனை கடுமையாகிறது. வழி, வலி, வளி ஆகிய மூன்றையும் ஒரே ரோமன் வடிவில் எழுதுவோர் நம்மிடையே உண்டு. இலட்சுமி என்னும் ஒரே பெயர் நம் அடையாள அட்டைகளில் எத்தனை வடிவங்களில் காணப்படுகிறது என்பதை வகுப்பறை வருகைப் பதிவேடே காட்டும். நான்கு வகையாக எழுதத்தக்க சொல்லைப் பதிந்தால், நாடி வருவோரில் பலர் வேறு முகவரிக்குப் போய்விடுவர். அம்மா, கடை, பாடம் போல எழுத்துக் குழப்பம் குறைந்த சொற்களே இத்தொழிலுக்கு ஏற்றவை.

தமிழ் எழுத்திலேயே பதியலாகாதா என்று கேட்பீர்கள். பதியலாம். டாட் காம் நீட்சியின் முன்னே தமிழ் எழுத்தில் பெயர் அமைக்க இயலும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே நீட்சிகளாகவும் வந்துவிட்டன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒரு நீட்சி உண்டு, தமிழில் இல்லை. நாட்டின் ஆட்சிமொழியோடு தொடர்புடைய எழுத்துக்கே அவ்வகை நீட்சி வழங்கப்படும் என்பது விதி. ஆனால், தமிழ் எழுத்து முகவரியைச் சில மின்னஞ்சல் செயலிகளும் படிவங்களும் இன்னும் ஏற்பதில்லை. சில இடங்களில் அது பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவையாகத் தோன்றும். மொழிப்பற்றினால் அதனைப் பதிந்து பயன்படுத்துவது நன்று. விற்று ஈட்டலாம் என்று எண்ணிப் பதிவோர், வாங்குவோர் மிகச் சிலரே என்பதை அறிந்து பதிய வேண்டும்.

அடுத்தது அறமும் சட்டமும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையோ, அதனை ஓர் எழுத்து மாற்றியோ பதிந்து, அந்நிறுவனத்திடமே விலை பேசலாம் என்று எண்ணுவோர் உளர். அது முதலீடு அன்று. 1999ஆம் ஆண்டிலேயே இதற்கென ஓர் அனைத்துலகத் தீர்வுநெறி வகுக்கப்பட்டது. பெயர் தம் வணிகச்சின்னத்தை ஒத்திருக்கிறது, பதிந்தவர்க்கு அதில் முறையான உரிமை இல்லை, தீய நோக்குடன் பதிந்து பயன்படுத்துகிறார் என்னும் மூன்றையும் முறையீட்டாளர் மெய்ப்பித்தால் பெயர் அவர் கைக்கு மாற்றப்படும். டாட் எம்ஒய் பெயர்களுக்கான வழக்குகளைக் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் கையாள்கிறது. எனவே, பதியுமுன் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் வணிகச்சின்னப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். முன்னர் வேறொருவர் வைத்திருந்து கைவிட்ட பெயராயின், இணைய ஆவணக் காப்பகத்தில் அதன் பழைய பக்கங்களையும் பாருங்கள். எம் தோட்டத்தின் பெயர்போல, அதற்குப் பின்னே ஓர் ஊரின் நினைவு இருக்கக்கூடும்.

ஏமாற்றுகளும் உண்டு. பெயரைப் பெருந்தொகைக்கு வாங்குவதாக எழுதி, "முதலில் இந்த இடத்தில் கட்டணம் செலுத்தி மதிப்பீட்டுச் சான்றிதழ் பெறுக" என்பர். சான்றிதழ் வந்ததும் வாங்குபவர் மறைந்துவிடுவார். உண்மையாக வாங்குபவர் அவ்வாறு கேட்பதில்லை. பெரிய தொகையாயின், பணத்தை நடுவில் வைத்திருந்து, பெயர் கைமாறியபின் விற்றவர்க்கு வழங்கும் இடைக்காப்புச் சேவையின் வழியாகவே பரிமாற்றம் நடத்துக.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். இதற்கு ஒரு காசும் தேவையில்லை. குறிப்பேடு ஒன்றை எடுத்து, 90 நாளுக்கு நாள்தோறும் ஒரு பெயரை எழுதுங்கள். அதனை யார் வாங்குவார், ஏன் வாங்குவார், இன்று அவர் எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார், எத்தனை ஆண்டு நீங்கள் காத்திருக்க இயலும் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுதுங்கள். வாங்குபவர் யார் என்பதற்கு "யாரேனும் ஒருவர்" என்று எழுத நேர்ந்தால் அப்பெயரை அடித்துவிடுங்கள். இறுதியில் இரண்டோ மூன்றோ பெயர்கள் எஞ்சினால் அதுவே நல்ல அறுவடை. பணம் செலுத்துவதை அதன்பின் எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியப் பெருமக்களிடம் வேறொன்றை வேண்டுகிறேன். இம்மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1950களின் இறுதியில் தோட்டங்களை வாங்கித் துண்டுதுண்டாக்கி விற்கும் வணிகம் பெருகியது. அத்துண்டாடலால் வேலையும் வீடும் இழந்தோர் நம் மக்கள். பால்மரம் வெட்டுவோர் ஆளுக்கு மாதம் 10 வெள்ளி சேர்த்து நிலத்தைத் தாமே வாங்கலாம் என்று 1960ஆம் ஆண்டில் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். துண்டாடியவரும் முதலீட்டாளரே, கூட்டுறவில் சேர்ந்தவரும் முதலீட்டாளரே. முன்னவர் விற்பதற்கு வாங்கினார். பின்னவர் வாழ்வதற்கு வாங்கினார்.

நம் பள்ளிகளும் கோயில்களும் தோட்டங்களும் இன்று இணையத்தில் பெயர் தாங்கி நிற்கின்றன. நாளை உங்கள் பள்ளிக்குச் சென்றதும் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். நம் களப்பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது? அறிவிப்பு யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது? தவணை எந்நாளில் முடிகிறது? விடையை ஒரு தாளில் எழுதி, நிலப்பட்டா இருக்கும் பேழையிலேயே வையுங்கள். தனியொருவர் மின்னஞ்சலை நீக்கி, பொறுப்பில் உள்ள இருவர் திறக்கக்கூடிய அஞ்சலைக் கொடுங்கள். ஆண்டுக்குச் சில பத்து வெள்ளிதான் செலவு.

களப்பெயர் முதலீட்டின் முதற்பாடம் அதுவே. அதனைச் செய்து முடித்தவர், பிறகு விற்பதற்கும் பெயர் தேடலாம், தவறில்லை. எம் தோட்டத்தின் பெயரை நாங்கள் இன்னும் மீட்கவில்லை. அதன் தவணை முடியும் நாளை மட்டும் இப்போது என் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.