மொட்டை மாடி யாருடையது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டடங்களுக்கான மின்சிக்கன விதிகளைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். "சார், அதெல்லாம் சென்னைக்காரங்களுக்குத்தானே, தேனிக்கு எதுக்கு?" என்று வரும்போதே ஒருவர் வாசலில் கேட்டுவிட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டு வந்தது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புப் பளு உள்ள பெரிய வணிகக் கட்டடங்கள்தான் அதன் கட்டட விதிக்குள் வந்தன. 2022இல் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புக் கட்டடங்களையும் சேர்த்தார்கள். வீடுகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை 2018லேயே வெளியிட்டிருந்தார்கள். 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் புதிய குடியிருப்புகளுக்கானது அது. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்ட். மாநில அரசு ஏற்று அறிவித்தால்தான் அது கட்டாயம்.

ஆக, ஏற்கனவே கட்டி முடித்த நம் வீடுகளுக்கு எந்த அதிகாரியும் நோட்டீஸ் கொண்டு வரப்போவதில்லை. நிம்மதிதான். ஆனால் அந்த விதியில் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு நிம்மதி போய்விட்டது. காரணம் சொல்கிறேன்.

அதில் கூரைக்கென்று தனியாக ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். கூரை வழியாக இவ்வளவு வெப்பத்துக்கு மேல் உள்ளே இறங்கக்கூடாது என்று. மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அந்த அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை இறக்குகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, ராத்திரி நாம் படுக்கும் நேரத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது. வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டு விதியோ, கூரை தன்மேல் விழும் வெயிலில் குறைந்தது 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது. நம் தாத்தா காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். கோடை வருமுன் வெள்ளை அடித்தார்கள். அவர்களுக்கு யார் விதி போட்டது?

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககம் தரைத்தளமும் இரண்டு மாடியும், ஒன்பது வீடு. நான் தரைத்தளம். இரண்டு வருடத்துக்கு முன் நான் பொருளாளர். மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கப் பொது நிதியிலிருந்து பணம் வேண்டும் என்று மேல்தளத்து மூன்று வீட்டார் கேட்டார்கள். "பலன் மேல்தளத்துக்கு மட்டும்தான், செலவை அவர்களே ஏற்கட்டும்" என்று நான்தான் எழுதி வைத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்த மே மாதம், மேல்தளத்து அக்கா ஒருவர், எழுபத்தெட்டு வயது, வீட்டுக்குள் படுக்க முடியாமல் படிக்கட்டுத் திருப்பத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் காலையில் மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நல்லவேளை, பிழைத்து வந்தார். பார்க்கப் போனபோது என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தம்பி, உங்க வீட்ல சில்லுனு இருக்காமே?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, பொதுப் பகுதிகள் எவை என்று பட்டியல் போடும்போது மொட்டை மாடியையும் சேர்த்தே சொல்கிறது. தரைத்தளத்துக்காரனான எனக்கும் அந்த மாடியில் பங்கு உண்டு. துணி காயப்போடவும் வடகம் போடவும் பங்கு உண்டென்றால், அதன் மேல் விழும் வெயிலிலும் பங்கு உண்டுதானே? அடுத்த மாதமே பொது நிதியிலிருந்து பூச்சு அடித்தோம். ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் இப்போது அனல் இறங்குவதில்லை என்கிறார் அக்கா.

இன்னொன்று, சான்றிதழுக்காகச் செய்வது. எங்கள் மாடியில் கட்டியவர் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துக் கொடுத்தார். பல வருடம் கழித்துப் பிளம்பர் வந்து பார்த்தால், வீடுகளுக்குக் குழாய் இணைப்பே கொடுக்கவில்லை. வவுச்சர் இருக்கிறது, ரொக்கம் இல்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய தொட்டிகளில் எத்தனை இன்று தண்ணீர் இறக்குகின்றன? அவரவர் வீட்டில் பாருங்கள்.

நம் பள்ளத்தாக்குக்கு ஒரு விசேஷம் உண்டு. பெரியாறு தண்ணீர் லோயர்கேம்ப்பில் கரண்டைத் தந்துவிட்டுத்தான் கம்பம் வயலுக்கு வருகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் அணையில் தண்ணீர் குறைவு, தென்மேற்குக் காற்றும் இன்னும் சூடு பிடிக்கவில்லை. நமக்குக் கரண்ட் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

பணக் கணக்குக்கு வருகிறேன். பழைய ஃபேன் 75 வாட். புது பிஎல்டிசி ஃபேன் சுமார் 28 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 42 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 126 யூனிட். கோடையில் 600 யூனிட் தொடுகிற வீடு 500க்குக் கீழே வந்துவிடும். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகையும் போய்விடுகிறது என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

அடுக்ககங்களின் பொது மீட்டரையும் பாருங்கள். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று தளத்துக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருந்தால், பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை யூனிட்டுக்கு ரூ.8.15இலிருந்து ரூ.5.50ஆகக் குறைப்பதாக 2023 அக்டோபரில் முதல்வர் அறிவித்தார். உங்கள் மீட்டர் அந்தப் பிரிவுக்கு மாறியிருக்கிறதா என்று மின் வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். டேங்க் நிரம்பி வழிகிற வரை மோட்டார் ஓடுவதை நிறுத்த ஒரு தானியங்கி சுவிட்ச் போதும். இதெல்லாம் முடித்த பிறகு சோலார். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், பொதுப் பயன்பாட்டுக்காகக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். செலவைக் குறைத்த பிறகு போட்டால் சிறிய பேனலே போதும்.

முடிக்கிறேன். ஒரு கோரிக்கை. வரும் மார்ச்சுக்குள் நம் நகரில் மேல்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுப்போம். அந்த மாடிகளுக்கு முதலில் வெள்ளை அடிப்போம். அடுக்ககங்களில் செலவைப் பொது நிதியிலேயே போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அதை எதிர்ப்பவர்கள் சொல்லப்போகும் காரணம் எனக்குத் தெரியும். நானே என் கையால் எழுதியதுதான் அது.