சிறைவாயிலும் சுற்றத்தாரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். காவியங்களை ஆராய்ந்து உரைக்கும் புலமை எனக்கு இல்லை. ஆயினும், நம் போன்ற குடும்பங்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றி இம்மேடையில் சில சொற்கள் கூற வேண்டுமென்று செயலாளர் அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் மனமுவந்து இசைந்தார். அப்பொருள் சிறைச்சாலை. சிறைக்குள் இருப்பவர்களைக் காட்டிலும், சிறையின் வாயிலில் வந்து நிற்கும் தாய், மனைவி, மக்கள் ஆகியோரைப் பற்றியே இன்று மிகுதியும் பேச விரும்புகிறேன்.

ரயில் நிலையத்தில் வேலை பார்ப்பவர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வண்டி ஐந்து மணி நேரம் தாமதம் என்று அறிவித்துவிட்டால், பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே படுக்கையை விரித்து அமர்ந்துவிடுவார்கள். அறிவிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் கழிந்தால், விசாரணை அறையின் சன்னலை உடைக்கும் அளவுக்குச் சினம் கொள்வார்கள். தாமதத்தைப் பொறுக்கும் மனிதன், செய்தி இன்மையைப் பொறுப்பதில்லை. ஒரு வண்டிக்கே இவ்வாறானால், பெற்ற மகன் எங்கே அடைபட்டிருக்கிறான், எந்த நாளில் நீதிமன்றத்துக்கு வருவான், யார் அவனுக்கு வக்கீல் என்று அறியாத தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹௌரா நிலையத்தில் திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவரைக் கண்டேன். முன்பதிவில்லாப் பெட்டியில் வந்து இறங்கிய அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. முன்னொரு காலத்தில் இந்நகரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் அதில் “அலிப்பூர் ஜெயில்” என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒப்பந்த வேலைக்காக இங்கு வந்த மகன், ஒரு வழக்கில் விசாரணைக் கைதியாக இருந்தான். அம்மையார் முதல் நாளே அங்குச் சென்று திரும்பியிருந்தார். “ஐயா, அங்கே டிக்கெட்டு வாங்கச் சொல்லுகிறார்கள், மகனைப் பார்க்க எதற்கு டிக்கெட்டு?” என்று என்னிடம் கேட்டார். அலிப்பூர் மத்தியச் சிறையின் கைதிகள் 2019 ஆம் ஆண்டில் பாருய்ப்பூர் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டதும், பழைய கட்டடம் 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டதும் அவருக்கு எவ்வாறு தெரியும்? வங்க மொழி அறிந்த நண்பர் ஒருவரும் நானும் விசாரித்து, மறுநாள் ஸியால்தாவில் தெற்குப் பிரிவு உள்ளூர் வண்டி ஏற்றி அவரைப் பாருய்ப்பூருக்கு அழைத்துச் சென்றோம். சரியான முகவரி ஒன்று இல்லாமையால் அந்த முதியவருக்கு இரண்டு நாட்கள் வீணாயின. அவ்விரண்டு நாட்களும் அவர் நடைமேடையிலேயே உறங்கினார்.

இத்தகையோருக்குச் செய்தி சொல்வது யாருடைய கடமை? அதிகாரிகள் மனமிரங்கிச் செய்யும் உபகாரம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. அந்நிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1894 ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே, விசாரணைக் கைதிகள் காண விரும்புவோரைத் தக்க நேரத்தில் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்றது. வக்கீலைச் சந்திக்கும்போது, நீதிக்கு ஊறு நேராத வரையில், வேறொருவரும் உடன் இல்லாமல் பேச இடமளிக்க வேண்டும் என்றும் விதித்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 22 ஆவது பிரிவில், கைதானவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை உறுதி செய்தது. திஹார்ச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த பிரான்ஸிஸ் கோரலி என்ற பெண்மணியின் வழக்கில், 1981 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. குடும்பத்தாரையும் வக்கீலையும் காண்பது 21 ஆவது பிரிவு கூறும் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், மாதம் ஒரு முறை மட்டுமே உறவினரைக் காணலாம் என்ற விதி செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

இவ்வரலாற்றில் நம் கல்கத்தாவுக்கும் சிறப்பான இடம் உண்டு. 1986 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவராயிருந்த டி. கே. பாசு அவர்கள், காவலில் நேரும் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் வரைந்தார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கைது செய்யும் காவல் துறையினர் பின்பற்ற வேண்டிய பதினொரு கட்டளைகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று நம் போன்ற வெளிமாநிலத்தார்க்கு மிகவும் வேண்டியது. கைதானவரின் உறவினர் வேறு மாவட்டத்திலோ வெளியூரிலோ வாழ்ந்தால், சட்ட உதவி அமைப்பின் வாயிலாகவும் அவ்வூர்க் காவல் நிலையத்தின் வாயிலாகவும், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தந்தி மூலம் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. தந்தி முறை 2013 ஆம் ஆண்டோடு மறைந்தது, கடமை மறையவில்லை. 2024 ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், கைது பற்றி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கைதானவர் விவரங்களை யாவரும் காண வைக்க ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

உலக அளவிலும் இக்கருத்தே வலுப்பெற்றுள்ளது. தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா ராபன் தீவில் சிறை புகுந்த தொடக்க காலத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு என்ற அளவே அவருக்குக் கிடைத்தது. அவர் பெயரால் ஐக்கிய நாடுகள் சபை 2015 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறை விதிகள், கைதிக்குச் சிறைப்பட்ட செய்தியையும், வேறு சிறைக்கு மாற்றப்பட்ட செய்தியையும், கடும் நோயுற்ற செய்தியையும் உடனே வீட்டுக்குத் தெரிவிக்கும் உரிமை உண்டு என்கின்றன. இயன்ற வரையில் வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையிலேயே வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றன.

இவை யாவும் சட்டப் புத்தகத்தில் உள்ளவை. வாயிலில் நடப்பதையும் பார்க்க வேண்டுமன்றோ? மேற்கு வங்கத்தில் 1992 ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அது முதல் சிறைக்குச் சிறை என்ற பெயர் நீங்கி, திருத்தும் இல்லம் எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. 2007 ஆம் ஆண்டளவில், சிறைத்துறைத் தலைவராயிருந்த பி. டி. சர்மா அவர்களின் ஆதரவில், நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் அம்மையார் பிரெஸிடென்ஸி சிறையின் கைதிகளுக்கு நடனம் பயிற்றினார். வழிப்பறிக்காரன் முனிவனான கதையைக் கூறும் தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வை அக்கைதிகள் பொது அரங்குகளில் நடித்துக் காட்டினர். மதிலுக்கு அப்பாலும் மனிதர் உண்டு என்பதை இந்நகர மக்கள் அன்று நேரிற்கண்டனர். சிறைத்துறை மக்களை நோக்கி வாயிலைத் திறந்தால் நன்மை விளையும் என்பதற்கு இது சான்று.

அவ்வாயில் திடீரென மூடப்பட்டால் என்னவாகும் என்பதற்கும் இந்நகரிலேயே சான்று உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கொள்ளை நோய் அச்சத்தால் உறவினர் சந்திப்புகள் நிறுத்தப்பட்டன. நீதிமன்ற அலுவல்களும் முடங்கின. அம்மாதம் 21 ஆம் நாள் டம்டம் மத்தியச் சிறையில் பெருங்கலகம் மூண்டு, தீ எழுந்து, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நோய்த் தடுப்பு அவசியமே. அதை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் வீட்டாரின் குரல் கேட்காமற்போவது, பசியையும் பூட்டையும் விடக் கைதியைக் கலக்கும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

“குற்றம் புரிந்தவனுக்கு இத்தனை பரிவு எதற்கு?” என்று இங்குள்ள பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. துன்புறுத்தப்பட்டவரின் கண்ணீரை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். நால்வரில் மூவர் என்றே கொள்ளலாம். இவர்களுக்கு ஜாமீன் கிடைப்பதும் கிடையாததும் பெரும்பாலும் வெளியிலிருந்து ஓடியாடுவோர் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைகிறது. பிணை நிற்க ஆள், வக்கீலுக்குத் தகவல், வீட்டுச் சான்று ஆகிய மூன்றையும் குடும்பமே கொண்டுவர வேண்டும். குடும்பத்துக்குச் செய்தி எட்டாவிட்டால், குற்றமற்றவனும் உள்ளேயே கிடப்பான்.

இந்நகரத்து வரலாறும் இதையே கூறும். 1908 ஆம் ஆண்டு அரவிந்தர் அலிப்பூர் வழக்கில் சிறைப்பட்டபோது, அவர் தங்கை சரோஜினி வழக்குச் செலவுக்காகப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். 1909 ஆம் ஆண்டு மே மாதம் அரவிந்தர் விடுதலையானார். மறு ஆண்டு நம் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதே 1908 இல் தண்டனை பெற்ற நம் வ. உ. சிதம்பரனார் கோவையிலும் கண்ணனூரிலும் சிறைவாழ்வு கழித்து 1912 இல் வெளிவரும் வரை, அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பட்ட இன்னலை நாம் அறிவோம். புகழ் பெற்றவருக்கே சுற்றத்தாரும் வக்கீலும் இத்தனை இன்றியமையாதவர்களானால், பெயர் தெரியாத கூலித் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆதலின் நம் காலனியினர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைக் கூறுகிறேன். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் பெற உரிமை உடையவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுச் செய்யலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். நாட்டின் சிறைகளுக்கென அமைந்த தேசியத் தகவல் தளத்தில், கைதியின் பெயரும் தந்தை பெயரும் சிறையின் பெயரும் தந்து சந்திப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வசதி உள்ளது. திரையில் முகம் பார்த்துப் பேசும் முறையும் ஏற்பட்டுள்ளது. சந்திக்கச் செல்வோர் அடையாள அட்டையைக் கொண்டுசெல்ல வேண்டும்; சோதனைக்கு உடன்பட வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்பதை முதலில் கேட்டறிந்த பின்னரே வண்டி ஏற வேண்டும்.

சிறைத்துறையினரிடமும் நாம் பணிவுடன் ஒன்றைக் கேட்கலாம். கணிப்பொறித் தளம் நல்லதே; கணிப்பொறி அறியாத முதியோருக்கு அது மட்டும் போதாது. வாயிலில் சந்திப்பு நாட்கள், நேரம், கொண்டுவர வேண்டிய சீட்டுகள், சட்ட உதவி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். வங்கம், இந்தி, ஆங்கிலத்தோடு, தொலைவிலிருந்து வருவோர் மொழிகளிலும் ஒரு பலகை இருக்கட்டும். கைதியை இடம் மாற்றும்போது வீட்டுக்கு ஒரு வரி போகட்டும். தமிழில் எழுதித் தரும் பொறுப்பைச் செலவின்றி ஏற்க நம் சங்கம் முன்வரலாம்.

நம்முள் செய்ய வேண்டியதும் உண்டு. வங்கமும் தமிழும் நன்கறிந்த இளைஞர் இருவர், வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர் ஆகிய நால்வர் கொண்ட சிறு குழுவை இவ்வாண்டே அமைக்க வேண்டுகிறேன். ஊரிலிருந்து கடிதமோ தொலைபேசியோ வந்தால், மகன் எங்குள்ளான் என்று விசாரித்துச் சொல்வதும், வருவோரை வாயில் வரை அழைத்துச் செல்வதும், வக்கீல் கூறுவதைத் தமிழில் விளக்குவதும் அவர்கள் பணியாகும். வழக்கின் நியாய அநியாயத்தை அவர்கள் ஆராய வேண்டா. அது நீதிமன்றத்தின் வேலை. பணம் வசூலிக்கவும் வேண்டா.

இறுதியாக, தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய துன்பம் ஒரு வீட்டில் நேர்ந்தால், அவ்வீட்டார் முதலில் அஞ்சுவது சிறையை அன்று. அண்டை அயலாரின் நாவையே. அந்த அச்சத்தாலேயே பல வீடுகளில் மகனைக் காணச் செல்லாமல் இருந்துவிடுகின்றனர். கணவன் வெளியூர் போயிருப்பதாகப் பிள்ளைகளிடம் பொய் சொல்கின்றனர். அவ்வீட்டுப் பிள்ளை நம் பிள்ளைகளுடன் வழக்கம்போல் விளையாடட்டும். அவ்வீட்டு மங்கையை நவராத்திரிக் கொலுவுக்கு வழக்கம்போல் அழையுங்கள். எந்த அரசாங்கமும் ஆணை பிறப்பித்துச் செய்விக்க முடியாத உதவி அது. உங்களால் மட்டுமே ஆவது.

குழு அமைப்பது பற்றிய தீர்மானத்தை அவைத் தலைவர் அவர்கள் திருமுன் வைத்து அமர்கிறேன்.