துருவேறும் முன்பே நகலெடுப்போம்



எண்ணூரில் கணினிக்கு முதல் பகை காற்றுதான். கடலின் உப்பு, அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூள் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. உப்பீரம் மதர்போர்டின் செம்புத் தடங்களை அரிக்கிறது. தூள் விசிறியை அடைத்துச் சூட்டைக் கூட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் நாம் மறந்துவிடவில்லை.

எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கிய 2001இல்தான் விண்டோஸ் எக்ஸ்பியும் வெளிவந்தது. லாரி எடை மேடைகளுக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் அதை நம்பியே மென்பொருள்கள் எழுதப்பட்டன. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. மென்பொருளை எழுதியவரையும் காணோம், நிறுவும் சிடியும் இல்லை என்றால், எக்ஸ்பி ஓடும் பழைய கணினிப் பெட்டி இந்தக் காற்றில் பழுதாகி நின்ற அன்றே வேலையும் நின்றுவிடும்.

பெட்டியைக் கைவிட்டு, அதிலுள்ள இயங்குதளத்தையும் மென்பொருளையும் மட்டும் காப்பாற்ற வழி உண்டு. வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்து, புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓட்டலாம். ஐபிஎம் 1972இலேயே விஎம்/370 என்ற இயங்குதளத்தின் மூலம் ஒரு பெருங்கணினிக்குள் பல கணினிகளை ஓட்டிக் காட்டியது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 2009இல் வெளியிட்ட டிஸ்க்2விஎச்டி என்ற மென்பொருள், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்கும். அதன் தொடக்கப் பதிப்புகள் எக்ஸ்பியிலும் இயங்கும். அந்த நகலை ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

நகலெடுப்பது எளிது, எழுப்புவதுதான் கடினம். முதல் முறை இயக்கும்போது 7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரை வருவது வழக்கம். வன்தட்டுக் கட்டுப்படுத்தி மாறிவிட்டதால், அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் தன் வட்டையே காண முடியாமல் நிற்கிறது. மெய்நிகர் வட்டை ஐடிஇ வகையாக அமைத்தாலே பல நேரங்களில் இது தீரும். எடை காட்டும் கருவியோடு பேசும் சீரியல் போர்ட்டைப் புதிய கணினியிலிருந்து உள்ளே இணைத்துக் கொடுக்கலாம். மதர்போர்டில் செருகும் பழைய ஐஎஸ்ஏ அட்டையை அப்படிக் கொடுக்க இயலாது. மென்பொருளைப் பூட்டும் டாங்கிள் கருவியையும் உரிமத்தையும் முன்பே சரிபார்க்க வேண்டும். ஆதரவு நின்ற இயங்குதளம் மெய்நிகராக மாறியதாலேயே பாதுகாப்பானதாகிவிடாது. அதை இணையத்திலிருந்து விலக்கியே வைக்க வேண்டும்.

திரையில் விண்டோஸ் தெரிந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். ஒரே சோதனை எடைக்குப் பழைய கணினியும் புதியதும் ஒரே எண்ணைக் காட்டினால்தான் மாற்றம் வெற்றி.

இங்கு வந்துள்ள ஒவ்வோர் ஆலையும் தன் மிகப் பழைய கணினி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஓடும்போதே இரண்டு நகல்கள் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைக்கட்டும். அந்தக் கணினியை ஆண்டுக்கணக்கில் இயக்கிவரும் ஊழியரிடம் உட்கார்ந்து, அவர் அறிந்ததை எழுதி வாங்கட்டும். வட்டு பழுதான பின் எந்த நிபுணர் வந்தாலும் நகலெடுக்க முடியும் என்ற உறுதி இல்லை. இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.