பத்துக்குப் பத்து அறையும் பட்டாவும்



இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மிளகு பறித்தும் அன்னாசி சுமந்தும் உங்களைப் படிக்க வைத்தவர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். முதல் பாராட்டு அவர்களுக்கே உரியது.

ஊரை விட்டு வந்தவர்கள் புது இடத்தில் எப்படிக் குடியமர்கிறார்கள் என்பதே என் ஆய்வுத்துறை. அதை இங்கே பேசக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாக, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஏறினார்கள் என்று உங்கள் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். வந்தவர்கள் காட்டைத் திருத்தினார்கள், ஊர் கண்டார்கள், மலையை நாடுகளாக வகுத்தார்கள். இன்று இந்தக் கொல்லிமலை அவர்களுடையது. வந்து குடியேறியவர் எப்போது ஊர்க்காரர் ஆகிறார்? என் ஆய்வு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

மலையிறங்கினால் நம் நாமக்கல் மாவட்டத்திலேயே எம். மேட்டுப்பட்டியிலும் பரமத்தி வேலூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் படகேறி ராமேசுவரம் கரைக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் பதிந்து, பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 2012 வரை வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்தது. மகள் வயதுக்கு வந்தால் குறுக்கே ஒரு சேலையைக் கட்டினார்கள். சமைக்க இடமில்லாமல் வாசலில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தச் சாய்ப்பே அவன் குடும்பத்துக்கு அறையானது. முகாம் ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்டிங்தான் தொழில். ஊரார் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசிச் சேர்த்த கூலியில் தங்கள் அறைக்கு ஒரு தகரம் வாங்கினார்கள். அந்தத் தகரத்தையும் எந்த உரிமையில் போட்டீர்கள் என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் கிடையாது.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் நகரப் புவியியல் ஆய்வு செய்யும் ரொமோலா சன்யால் இரண்டு ஊர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒன்று பெய்ரூட், மற்றொன்று கொல்கத்தா. 1948இல் பாலஸ்தீனத்திலிருந்து லெபனானுக்கு வந்தவர்கள் முகாமுக்குள் நிலையான கட்டடம் எழுப்பத் தடை இருந்தது. காவலர் கண்ணில் படாமல் மறைவாகச் சுவர் கட்டினார்கள். முகாம் நிர்வாகம் பாலஸ்தீனர் கைக்கு வந்த 1969 கெய்ரோ உடன்பாட்டுக்குப் பிறகே முகாமில் தைரியமாகக் கல் வைக்க முடிந்தது. கொல்கத்தாவிலோ, பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் யாதவ்பூரில் கைவிடப்பட்டிருந்த ராணுவக் கொட்டகைகளில் புகுந்து பிஜய்கர் குடியிருப்பை உருவாக்கினார்கள். சாலை போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், சங்கம் வைத்துப் போராடினார்கள். இப்படி எழுந்த குடியிருப்புகளை அரசு பின்னாளில் முறைப்படுத்திப் பட்டாவும் கொடுத்தது.

இரண்டு ஊரிலும் உழைப்பு ஒன்றுதான். கொல்கத்தாவில் வந்தவர்கள் கையில் வாக்குச்சீட்டு இருந்தது, பெய்ரூட்டில் இல்லை. முடிவு வேறானதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

தமிழ்நாட்டில் 2021 ஒரு நல்ல திருப்பம். அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. ரூ.317.40 கோடித் திட்டத்தில் 7,469 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, சமையலறை, கழிப்பறை. நூறு சதுர அடியில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை முகாமுக்குள் போனவர்கள் அறிவார்கள்.

ஆனால் அந்த வீட்டில் வளரும் பிள்ளை இந்த நாட்டின் குடிமகன் ஆகவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது சட்டம். அதற்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. உங்களைப் போலவே பட்டம் வாங்கும் முகாம் மாணவர், நீங்கள் எழுதப்போகும் அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறார்.

குடியுரிமை மட்டும் கிடைத்தால் போதுமா? அதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அவர்கள் இந்தியக் குடிமக்கள், வாக்காளர்கள். ஆனாலும் தோட்டத்து லைன் வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் எங்கே போவது என்ற கவலை அவர்களை விட்டுப் போகவில்லை. ஆக, குடியுரிமை, கூரை, அடிமனை மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்தால்தான் அவர் குடியமர்ந்தார் என்று பொருள்.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்து நின்றிருக்கிறீர்கள். தாத்தா காலத்திலிருந்து உழுத நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்ட குடும்பங்கள் இந்த மலையில் உண்டு. காகிதம் இல்லாதவன் சொந்த மண்ணிலும் கைகட்டி நிற்கவேண்டிய நிலையை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

நாளை உங்களில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலர் ஆவார், ஒருவர் பொறியாளர், ஒருவர் ஆசிரியர். வீட்டு வரைபடத்தில் கையெழுத்திடும் முன், குடியிருக்கப் போகும் பெண்ணிடம் அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேளுங்கள். சாவியைக் கொடுக்கும் நாளில் மனைப்பட்டா யார் பேரில் என்று கேளுங்கள். வகுப்பில் முகாம் பிள்ளை இருந்தால், பத்தாம் வகுப்பு முடியுமுன்னே அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பதிவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவர் விண்ணப்பத்தோடு உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றால், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

இந்த நாட்டில் உங்களுக்கு வாக்கு இருக்கிறது, இன்று முதல் பட்டமும் இருக்கிறது. இரண்டும் இல்லாதவர்களுக்காகவும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.